கருப்பட்டி விலை எங்கே இருக்கிறது?

அன்பு மகள் கயலுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். போன வாரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது. ஆனால் நீ கேட்ட கேள்வி என்னை விடவில்லை. “கடிதம் எழுதச் சொல்லித் தர்றாங்க, அறிக்கை எழுதச் சொல்லித் தர்றாங்க, நேர்முகத் தேர்வுல எப்படிப் பேசணும்னு சொல்லித் தர்றாங்க. அதெல்லாம் சரி. இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிக்கிறவளுக்கு வலைப்பக்கம் எதுக்கு சித்தப்பா? அது கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைங்க வேலைதானே?” என்றாய். போனில் பதில் சொன்னால் ‘சரி சித்தப்பா’ என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மதுரையில் டிடிபி வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கும் ஏறக்குறைய உன் வயதுதான். முதல் நாளே கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறோம் என்று ஆசையாகப் போனேன். முதலாளி ஒரு தாளையும் சிவப்புப் பேனாவையும் கையில் கொடுத்தார். யாரோ கையால் எழுதிக்கொண்டு வந்த காதணி விழா மேட்டர் அது. “இதுல எது தலைப்பு, எது நாள், எது இடம், எது அழைக்கிறவங்க பேருன்னு குறி போடு. அப்புறம் மெஷினுக்குப் போகலாம்” என்றார். தேடிப் பார்த்தால் விழா நாள் மூன்றாவது பத்தியில், தாய்மாமன்கள் பெயருக்கு நடுவில் கிடந்தது. எழுதிக்கொண்டு வந்தவருக்கு அது குறையாகத் தெரியவில்லை. அவருக்குத்தான் நாள் மனப்பாடமாயிற்றே. அழைப்பிதழைக் கையில் வாங்குகிறவருக்கு அது தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. நான் அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ஓரத்தில் ‘தனி வரி, தடித்த எழுத்து’ என்று எழுதினேன். இன்றைக்கு வலைப்பக்கம் எழுத உன் பேராசிரியர் உனக்குச் சொல்லித் தரும் எச்டிஎம்எல் செய்வது இதே வேலையைத்தான்.

எச்டிஎம்எல் என்ற சுருக்கத்தின் விரிவில் இருக்கும் ‘மார்க்கப்’ என்ற சொல்லே அச்சகத்திலிருந்து போனது. கைப்பிரதியின் ஓரத்தில் அச்சுக்கோப்பவருக்காகப் போடும் குறிகளுக்கு மேல்நாட்டு அச்சகங்களில் அதுதான் பெயர். அந்தக் குறிகளைக் கணினிக்குப் புரியும்படி எழுதலாம் என்று 1969-இல் ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்பும் அவருடைய இரண்டு சகாக்களும் ஒரு முறையை உண்டாக்கினார்கள். அதிலிருந்து வளர்ந்த எஸ்ஜிஎம்எல் 1986-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ அதன் சாயலில்தான் எச்டிஎம்எல்லை எழுதினார். அங்கே பல நாட்டு இயற்பியலாளர்கள், ஒவ்வொருவர் மேசையிலும் வெவ்வேறு கணினி. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறந்து படிப்பதே பெரும்பாடாக இருந்தது. 1989 மார்ச்சில் அவர் தன் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1991-இல் உலகின் முதல் வலைத்தளம் வெளியாருக்கும் திறந்தது. படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. தலைப்பு, பத்தி, இணைப்பு, அவ்வளவுதான். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்த நுட்பத்தை யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. நீ இன்று யாரிடமும் அனுமதி கேட்காமல் பக்கம் எழுத முடிவது அந்த ஒரு முடிவால்தான்.

இதில் ஒன்றைக் கவனி. பெர்னர்ஸ்-லீயின் குறிகள் ‘இதைப் பெரிதாகக் காட்டு’ என்று சொல்லவில்லை. ‘இது தலைப்பு’ என்று மட்டும் சொல்லின. எப்படிக் காட்டுவது என்பதை அந்தந்தக் கணினி தன் வசதிக்குத் தக்கபடி பார்த்துக்கொண்டது. நிறம், எழுத்தளவு, இடைவெளி எல்லாவற்றையும் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸை ஹோகோன் வியூம் லீ 1994-இல்தான் முன்மொழிந்தார். அது தரமாக ஏற்கப்பட 1996 டிசம்பர் ஆனது. சொல்ல வேண்டியது முதலில் வந்தது, உடுப்பு பிறகு வந்தது. உன் வகுப்பிலும் அந்த வரிசையை மாற்றாதே. ‘எச்1’ என்ற குறியை எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் போடாதே. அது அந்தப் பக்கத்தின் தலைப்பு என்பதற்காகப் போடு. எது தலைப்பு, எது துணைத்தலைப்பு, எது பட்டியல், எது யாருக்கு எதற்காக என்று முடிவு செய்வது மொழி படித்தவர் செய்ய வேண்டிய வேலை. கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைகளுக்கு அதைச் செய்யத் தெரியாது என்று சொல்லவில்லை. அது உன் படிப்புக்குள்ளேயே இருக்கும் வேலை என்கிறேன்.

இனி உன் அசைன்மென்ட். உன் பெரியம்மாவின் மகளிர் குழு செய்யும் கருப்பட்டிக்கு ஒரு தளம் செய்யப் போகிறேன் என்று சொன்னாய். கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. முகப்பில் திரை நிறையப் பனைமரப் படம், மேலே ஓடும் வாசகம், அடுத்து ‘எங்களைப் பற்றி’, அடுத்து ‘எங்கள் கனவு’ என்று வரைந்து அனுப்பியிருந்தாயே, அந்தத் தாளைத்தான் இப்போது முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான்கு பக்கம் வரைந்திருக்கிறாய். நான்கிலும் கருப்பட்டி என்ன விலை என்பது இல்லை.

அந்தப் பக்கத்துக்கு யார் வருவார் என்று கொஞ்சம் யோசி. சென்னையில் ஓர் அம்மா, பிள்ளை பெற்ற மகளுக்குச் சுக்குக் கருப்பட்டி போட வேண்டும் என்று தேடுகிறார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் குழந்தை. அவருக்கு வேண்டியவை நாலு விஷயம். இது சீனி கலக்காததா? கிலோ என்ன விலை? என் ஊருக்கு அனுப்புவார்களா? யாரை அழைக்க வேண்டும்? குழுவின் கனவை அவர் பிறகு படிப்பார், கருப்பட்டி நன்றாக இருந்தால். வலைப்பக்கம் படிப்போரை ஆராய்ந்த ஜேகப் நீல்சன் 1997-இல் ஒரு கணக்குச் சொன்னார்: அவர் சோதித்தவர்களில் 79 சதவீதம் பேர் புதுப் பக்கத்தை மேலோட்டமாகக் கண்ணை ஓடவிட்டுத்தான் பார்த்தார்கள், சொல்லுக்குச் சொல் படித்தவர்கள் 16 சதவீதம்தான். சின்னத் திரையில், வேலைக்கு நடுவில் படிக்கிறவருக்கு இன்னும் அவசரம் இருக்கும். ஆகவே அந்த நாலு கேள்வியையும் தாளில் எழுது. அவற்றுக்கான பதில்தான் முகப்பு.

நீ அனுப்பிய முதல் வாசகத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. “பாரம்பரியச் சுவையும் தரமும் கைகோக்கும் எங்கள் கருப்பட்டி தலைமுறைகளைக் கடந்து மக்கள் மனங்களை வென்றது.” இதில் கருப்பட்டி என்ற சொல்லை எடுத்துவிட்டு ஊறுகாய் என்று போடு. காப்பித்தூள் என்று போடு. பட்டுச் சேலை என்றுகூடச் சுவையை மட்டும் நீக்கிவிட்டுப் போடலாம். வாக்கியத்துக்கு ஒன்றும் ஆகாது. எதற்கும் பொருந்துகிற வாக்கியம் உன் பெரியம்மாவுக்கு உதவாது. இப்படி எழுதிப் பார்: “பதநீரை மட்டும் காய்ச்சிச் செய்த பனங்கருப்பட்டி. சீனி சேர்ப்பதில்லை. ஒரு கிலோ இத்தனை ரூபாய். கூரியரில் அனுப்புகிறோம்.” பெரியம்மா அடுப்பு முன்னால் நின்று பதநீர் பாகாக வரும்வரை துழாவுகிறாரே, பதம் பார்த்து இறக்கிச் சிரட்டையில் ஊற்றுகிறாரே, அதை இரண்டு வரியில் எழுது. நீ சின்ன வயதிலிருந்து பார்த்தது. வேறு எந்தத் தளத்திலும் அது இருக்காது.

இணைப்புக்கும் இதே கவனம் வேண்டும். ‘மேலும் அறிய இங்கே கிளிக் செய்க’ என்று எழுதாதே. எதைப் பற்றி மேலும் அறிய? ‘கருப்பட்டி விலைப்பட்டியல்’ என்றே இணைப்பின் மேல் எழுது. படிக்கிறவருக்கு அழுத்துவதற்கு முன்பே எங்கே போகிறோம் என்று தெரிந்துவிடும்.

தமிழில் பக்கம் செய்யப் போகிறாய் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உன் வகுப்பில் காட்டும் மாதிரிகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்காகச் செய்தவையாகத்தான் இருக்கும். அவற்றின் அளவுகளை அப்படியே தமிழுக்குப் போட்டால் பக்கம் மூச்சு முட்டும். ‘வீ’ மேலே சுழிக்கும், ‘ழு’வும் ‘பு’வும் கீழே இறங்கும். வரிக்கு வரி இடம் கூடுதலாக வேண்டும். ஆங்கிலத்துக்கு எழுத்தளவின் ஒன்றரை மடங்கு வரியுயரம் போதும் என்றால் தமிழுக்கு நான் 1.7 வரைக்கும் போவேன். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘கிடைக்கவில்லையென்றால்’ என்ற ஒரே சொல் கைபேசித் திரையில் அரை வரியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இரண்டு ஓரமும் நேராக நிற்கும்படி ஜஸ்டிஃபை செய்யாதே. சொல்லுக்குச் சொல் பள்ளம் பள்ளமாக விழும். இடப்பக்கம் மட்டும் நேராக விடு. தடித்த எழுத்தைத் தலைப்போடு நிறுத்திக்கொள். சின்ன அளவில் தடித்தால் ‘ஞ’, ‘ண’ போன்றவற்றின் சுழிகள் அடைத்துப்போகும். சாய்ந்த எழுத்து நம் எழுத்துக்கு இயல்பானது இல்லை. எனக்கு அது ஒருபோதும் பிடித்ததில்லை.

எழுத்துரு விஷயத்தில் நீ கொடுத்துவைத்தவள். நான் வேலை கற்ற காலத்தில் பாமினி போன்ற எழுத்துருக்கள்தான். ‘தமிழ்’ என்று திரையில் வர வேண்டுமானால் விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ என்று அடித்து, புள்ளிக்கு ஓர் அரைப்புள்ளியும் அடிக்க வேண்டும். கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் இருந்தவை ஆங்கில எழுத்துகள்தான். நாங்கள் அதன் மேல் தமிழ் முகத்தை ஒட்டிவைத்திருந்தோம், அவ்வளவே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகம் கழன்றுவிடும். எழுதியது என்னவென்று எழுதியவருக்கே தெரியாது. இப்படி உருக்குலைந்து, திறக்க முடியாமல் போன கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் கவிதைத் தொகுப்பும் இருந்தது, ஒருவர் தன் தகப்பனாரைப் பற்றி எழுதிய சின்னப் புத்தகமும் இருந்தது.

நீ பயன்படுத்தப்போகும் யூனிகோடு முறையில் தமிழின் அடிப்படை எழுத்துகளுக்கும் துணைக் குறிகளுக்கும் சொந்தமாக எண்கள் உண்டு. ‘அ’வின் எண் 2949, ‘க’வின் எண் 2965. எந்த நாட்டில், எந்தக் கருவியில் திறந்தாலும் ‘அ’ அதுவாகவே இருக்கும். 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அது நம் வீட்டுக் கணினி வரை வந்து சேர வெகுகாலம் பிடித்தது. அதுவரை காத்திருக்க முடியாமல் ஆளுக்கொரு வழி தேடியவர்களை நீ தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி 1995-இலேயே தமிழ்க் கவிதைகளை வலையேற்ற உழைத்தார். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, யாரும் இலவசமாகப் படிக்க வைத்தார்கள். பழைய குறிமுறையில் இருந்தவற்றைப் பிறகு யூனிகோடுக்கும் மாற்றினார்கள். நீ பக்கத்தின் தலைப்பகுதியில் யூனிகோடுக்காக ‘யுடிஎஃப்-8’ என்று ஒரு வரி எழுதுவாயே, அந்த ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள். அந்த வரியை விட்டுவிடாதே. கூடவே, பக்கத்தின் மொழி தமிழ் என்று ‘லாங்’ குறியில் எழுதிவிடு. பல மாதிரிகளில் அது ஆங்கிலம் என்றே கிடக்கும். யாரும் மாற்றுவதில்லை.

அதை மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் ஒருவரிடமிருந்து தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஓர் அறக்கட்டளைக்கு வலைப்பக்கம் செய்து கொடுத்தேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை அறிவிப்பு. அவர்கள் ஏற்கெனவே அழகாக ஒரு துண்டறிக்கை அச்சிட்டிருந்தார்கள். அதையே படமாகப் பக்கத்தில் போட்டுவிடுங்கள் என்றார்கள், நானும் போட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு மாணவர் அழைத்தார். அவருக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை வைத்துப் படிக்கிறவர். “சார், உங்க பக்கத்துல என் கம்ப்யூட்டர் ‘கிராஃபிக்’னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுது. அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. உள்ளே என்ன இருக்கு?” என்று கேட்டார். நான் துண்டறிக்கையை எடுத்து வாசித்துக் காட்டினேன். விண்ணப்பிக்கக் கடைசி நாள் வந்த இடத்தில் நிறுத்தினேன். அது முந்தைய நாளோடு முடிந்திருந்தது. அந்த உதவித்தொகையில் பார்வையற்ற மாணவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருந்தது, கயல். அதுவும் அந்தப் படத்துக்குள்தான் இருந்தது.

அறக்கட்டளையினர் நல்லவர்கள், பேசிப் பார்த்து அவருடைய விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அழைக்காமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அன்று இரவே அந்த அறிவிப்பு முழுவதையும் எழுத்தாகத் தட்டச்சு செய்தேன். தலைப்புகளுக்குத் தலைப்புக் குறி போட்டேன். அவரையே அழைத்துப் படித்துப் பார்க்கச் சொன்னேன். பக்கம் திறந்ததும் விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவி, ‘கடைசி நாள்’ என்ற இடத்துக்குச் சில நொடிகளில் போய்விட்டார். மொழிக் குறி ஆங்கிலமாக இருந்ததால் முதலில் அவருடைய இயந்திரம் தமிழைச் சரியாகப் படிக்கவில்லை. அதையும் அவர்தான் சொல்லித் திருத்த வைத்தார். எழுத்தை ‘எச்1’, ‘எச்2’ என்று குறிப்பது யாருக்காக என்று எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. ஆகவே உன் பக்கத்தில் எழுத்தாக இருக்க வேண்டியது எதுவும் படத்துக்குள் இருக்கக் கூடாது. விலையும் தொலைபேசி எண்ணும் கண்டிப்பாகக் கூடாது. படம் போட்டால் அதற்கான ‘ஆல்ட்’ வரியில் அது என்ன படம் என்று எழுது. ‘படம் 1’ என்று எழுதாதே. ‘சிரட்டையிலிருந்து எடுத்த கருப்பட்டிகள், ஓலைப்பெட்டியில்’ என்று எழுது.

நிறத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வலைப்பக்கங்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான உலக நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. அழகாக இருக்கிறது என்று வெள்ளை மேல் வெளிர்சாம்பல் எழுத்து போடுகிறார்களே, அது பெரும்பாலும் 3-ஐக்கூடத் தொடாது. கருப்பட்டியின் அடர்பழுப்பு இருக்க உனக்கு வேறு நிறம் எதற்கு? ஓலை நிறத்துப் பின்னணியில் அதை வை. வெயிலில் நின்று பார்த்தாலும் தெரியும்.

கைபேசி அளவுக்குப் பக்கம் தானே மடங்க வேண்டும். அதற்கு ‘வியூபோர்ட்’ வரி ஒன்று உண்டு, உன் பேராசிரியர் சொல்லித் தருவார். போனில் எடுத்த படம் மூன்று நான்கு எம்பி இருக்கும். அதை 200 கேபிக்குள் சுருக்கிப் போடு. சிக்னல் மங்கலான ஊரில் உட்கார்ந்து பார்க்கிறவர்களும் உன் வாசகர்கள்தான்.

‘டெம்ப்ளேட் போட்டா அஞ்சு நிமிஷம், ஏஐகிட்ட கேட்டா ரெண்டு நிமிஷம்’ என்று உன் தோழி சொன்னதாகச் சொன்னாய். செய்யட்டும், நானும் தினமும் டெம்ப்ளேட்டில்தான் வேலை செய்கிறேன். ஆனால் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் நோட்பேடில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உன் கையால் எழுது. ஒரு குறியை மூடாமல் விட்டுப் பார், என்ன ஆகிறது என்று பார். அதற்குப் பிறகு எந்த டெம்ப்ளேட்டைத் திறந்தாலும் உள்ளே எது தலைப்பு, எது வெறும் பெரிய எழுத்து என்று உனக்குத் தெரியும். தப்பாக இருந்தால் திருத்தவும் தெரியும்.

பக்கம் முடிந்ததும் இணைப்பை எனக்கு அனுப்பாதே. நான் இந்த வேலையிலேயே கிடப்பவன், எங்கே என்ன இருக்கும் என்று ஊகித்துவிடுவேன். முதலில் உன் பெரியம்மாவிடம் கொண்டு போ. உன் போனில் காட்டாதே, அவர் போனிலேயே திற. “பெரியம்மா, ஒரு கிலோ என்ன விலைன்னு இதுல பார்த்துச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். அவர் விரல் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று பார். அவர் தடுமாறும்போது ‘அங்கே மேலே இருக்கு’ என்று உதவாதே. குழுவில் இன்னும் நாலு பேரிடம் அதே போல் கேள். ஐந்து பேரிடம் பார்த்தாலே குறைகளில் பெரும்பாலானவை தெரிந்துவிடும் என்று அதே நீல்சன் எழுதியிருக்கிறார், என் அனுபவமும் அதுதான். அவர்கள் நின்ற இடங்களைச் சிவப்புப் பேனாவால் குறித்துக்கொண்டு வந்து, திருத்தி, மறுபடி கொண்டு போ.

அந்தக் குறிப்புத் தாளை மட்டும் எனக்கு அனுப்பு. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா